உப்பைக் குறைக்கச் சொன்னார்கள், நான் நிறுத்திவிட்டேன்

என் மாமியாருக்கு 71 வயது. கடலூர் முதுநகரில் முப்பது வருடங்கள் கருவாடு விற்றவர். உப்புதான் அவருக்குத் தொழில். மீனைக் கீறி உப்பை அடைக்கும்போது எந்த மீனுக்கு எவ்வளவு என்று கையே சொல்லும் என்பார். அப்படிப்பட்டவருக்கு இரத்தத்தில் உப்புச் சத்து இறங்கிப்போய், போன மே மாதம் ஒரு விடியற்காலையில் என் கண் முன்னால் வலிப்பு வந்தது. அதற்கான காரணங்களில் ஒன்று என் சமையல். வீட்டுக்காரர் குவைத்தில் இருக்கிறார். மகன் அப்போதுதான் பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருந்தான், மகள் எட்டாம் வகுப்பு. எல்லா முடிவுகளையும் நான் ஒருத்திதான் எடுத்தேன். யாராவது ஒருவர் முன்கூட்டியே எச்சரித்திருந்தால் பாதி நடந்திருக்காது என்பதால்தான் இதை ஒன்றுவிடாமல் எழுதுகிறேன்.

மார்ச் மாதம் அத்தைக்கு அடிக்கடி கிறுகிறுப்பு வந்தது. பக்கத்து கிளினிக்கில் பார்த்தபோது இரத்த அழுத்தம் 172/100. மருத்துவர் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, "உப்பைக் குறையுங்கள். கருவாடு, ஊறுகாய், அப்பளம் வேண்டாம்" என்றார். சரியான அறிவுரைதான். வெளியே முப்பது பேர் காத்திருந்தார்கள். எவ்வளவு குறைக்க வேண்டும் என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. என் அப்பா பக்கவாதம் வந்து இரண்டு வருடம் படுக்கையில் கிடந்து போனவர். அந்தப் பயம் எனக்குள் அப்படியே இருந்தது. குறைப்பது என்றால் பாதி குறைப்பது, முழுக்க நிறுத்தினால் முழு நன்மை என்று என் மனம் கணக்குப் போட்டது. அன்று மாலையே அத்தைக்குத் தனிப் பாத்திரம், தனிக் குழம்பு. ஒரு கல் உப்புகூடக் கிடையாது.

முதல் வாரம் அவர் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவது வாரம், "அம்மாடி, வாயில் வைத்தால் இறங்க மறுக்கிறது" என்றார். இந்துப்பு நல்லது, அதில் அழுத்தம் ஏறாது என்று ஒரு சித்தி சொன்னதால் அரைக் கிலோ வாங்கினேன். பிறகு அதுவும் உப்புதானே என்ற சந்தேகம் வந்து எடுத்து வைத்துவிட்டேன். (அந்தச் சந்தேகம் சரிதான். நிறமும் விலையும் எப்படி இருந்தாலும் இந்துப்பும் ஏறக்குறைய முழுக்கச் சோடியம் குளோரைடுதான். வீட்டு உப்பில் இருக்கிற அயோடின்கூட அதில் பெரும்பாலும் இருக்காது.) அடுத்து, கடையில் 'சோடியம் குறைந்த உப்பு' என்று ஒரு பாக்கெட் கிடைத்தது. அத்தை ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுக் கசக்கிறது என்று துப்பிவிட்டார். அதுவும் அலமாரிக்குப் போனது. நாளாக நாளாக அவருடைய சாப்பாடு குறைந்தது. காலையில் தேநீரும் ரஸ்க்கும், மதியம் நான்கு வாய்க் கஞ்சி, இரவு பாதி இட்லி. மீனைத் தொடவே இல்லை. மீன் இல்லாமல் சோறு இறங்காத வீடு எங்களுடையது. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

ஏப்ரல் கடைசியில் மறுபடி பார்க்கப் போனோம். அழுத்தம் 160-க்குக் கீழே வரவில்லை. மாத்திரையை மாற்றினார்கள். பழைய மாத்திரையின் பெயரேதான், ஆனால் பின்னால் 'எச்' என்று ஓர் எழுத்து ஒட்டியிருந்தது. அந்த ஓர் எழுத்தின் பொருள் எனக்கு மூன்று வாரம் கழித்துத் தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில்தான் தெரிந்தது. ஹைட்ரோகுளோரோதையசைடு என்னும் நீர் மாத்திரை அதில் சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். குளோர்தாலிடோன் என்பதும் இதே வகைதான். சிறுநீர் வழியாகச் சோடியத்தை வெளியேற்றித்தான் இவை அழுத்தத்தைக் குறைக்கின்றன. நல்ல மருந்துகள், கோடிக்கணக்கானவர்கள் சாப்பிடுகிறார்கள். ஆனால் வயதானவர்களுக்கு, அதிலும் மெலிந்த உடல்வாகுள்ள பெண்களுக்கு, சோடியம் திடீரென்று இறங்கிவிடும் ஆபத்து உண்டு. பெரும்பாலும் மாத்திரை ஆரம்பித்த முதல் சில வாரங்களிலேயே அது தெரிந்துவிடும். ஆகவே வீட்டில் பெரியவர்களுக்குப் புதிதாக மாத்திரை எழுதினால், "இதில் நீர் மாத்திரை இருக்கிறதா? எத்தனை நாள் கழித்து இரத்தத்தில் சோடியம், பொட்டாசியம் பார்க்க வேண்டும்?" என்ற இரண்டு கேள்விகளையும் எழுந்து வருவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். கூட்டம் இருந்தாலும் கேளுங்கள்.

மே பிறந்தது, கத்திரி வெயில். எங்கள் தெருவில் காற்றே இல்லை. வெயிலுக்கு நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று எல்லோரும் சொன்னார்கள். நான் ஒரு லிட்டர் பாட்டில்கள் நான்கை வரிசையாக வைத்து, மாலைக்குள் காலியாக வேண்டும் என்று அத்தையிடம் கண்டிப்பாகச் சொன்னேன். அவரும் எனக்காகக் குடித்தார். உப்பில்லாத கஞ்சி, நான்கு லிட்டர் வெறும் தண்ணீர், உப்பை வெளியேற்றும் மாத்திரை. மூன்றையும் அருகருகே எழுதிப் பார்க்கும்போது இப்போது வயிற்றைப் பிசைகிறது. அன்று அதற்குப் பெயர் கவனிப்பு.

முதலில் தலைவலி, குமட்டல். வெயில் என்று நினைத்தேன். பிறகு நடை தள்ளாடியது, கொல்லைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். வயது என்று நினைத்தேன். ஒரு நாள் மதியம் தையல் இயந்திரத்தை விட்டு எழுந்து சமையலறைக்குப் போனால், அத்தை தரையில் உட்கார்ந்து கல் உப்பு ஜாடியை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். ஐந்து விரல்களும் உள்ளே. இரண்டு மூன்று கற்களை எடுத்து நாக்கில் வைத்துக் கண்ணை மூடியிருந்தார். நான் ஜாடியைப் பிடுங்கினேன். "சாக வேண்டுமா உங்களுக்கு?" என்று கத்தினேன். அவருடைய கையைப் பிடித்து இழுத்துக் குழாயடியில் விரல் விரலாகக் கழுவிவிட்டேன். சின்னப் பிள்ளை போல் கையைக் காட்டிக்கொண்டு நின்றார். ஜாடியை மேல் பரணில் ஏற்றி வைத்தேன். அவருடைய உடம்பு கேட்டதை நான் பரணில் வைத்தேன். இதை எழுதும்போதும் கை நிற்கிறது.

அதற்கு மறுநாள் என்னை இறந்துபோன தன் தங்கையின் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். ஒரே புடவையை மடிப்பதும் பிரிப்பதுமாக ஒரு மணி நேரம் இருந்தார். ஒருவர் மறதி நோய் என்றார், ஒருவர் மந்திரிக்கச் சொன்னார். வேறொரு கிளினிக்குக்கு அழைத்துப் போனேன். தெம்பு வரட்டும் என்று குளுக்கோஸ் ஏற்றினார்கள். மூளையைப் படம் எடுக்கச் சொன்னார்கள். படத்தில் ஒன்றும் இல்லை. இரண்டு நாளில் ஏழாயிரம் ரூபாய் போனது. நானூறு ரூபாயில் முடியும் சோடியம் பரிசோதனையை யாரும் எழுதவில்லை, அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. அந்தக் குளுக்கோஸ்கூட உதவாது என்று பின்னால் தெரிந்தது. அதிலுள்ள சர்க்கரையை உடம்பு எடுத்துக்கொண்ட பிறகு மிச்சம் வெறும் தண்ணீர்தான், ஏற்கெனவே நீர்த்துப்போன இரத்தத்தை அது இன்னும் நீர்க்கச் செய்யும். வயதானவர் சில நாட்களுக்குள் திடீரென்று குழம்பிப் பேசினால் அதை மறதி நோய் என்று ஒதுக்காதீர்கள். மறதி நோய் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் மெல்ல வருவது. நாட்களில் வரும் குழப்பத்துக்குச் சோடியம், சர்க்கரை, சிறுநீர்த் தொற்று, பக்கவாதம் என்று உடனே பார்க்க வேண்டிய காரணங்கள் இருக்கும்.

மூன்றாம் நாள் விடியற்காலை நான்கரைக்கு வலிப்பு. பல் கிட்டி, கண் மேலே போய், ஒரு நிமிடம் இருக்கும், எனக்கு ஒரு யுகம். 108-ஐக் கூப்பிட்டிருக்க வேண்டும். பதற்றத்தில் அந்த நம்பர்கூட ஞாபகம் வரவில்லை. தெருமுனைக் காரை 2,500 ரூபாய்க்குப் பேசிப் புதுச்சேரிக்குப் போனோம். ரெட்டிச்சாவடி, கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம் என்று ஊர்கள் கடக்கக் கடக்க அத்தையின் தலை என் தோளில் கனத்துக்கொண்டே வந்தது. அரியாங்குப்பம் பாலம் தாண்டும்போது மூச்சு இருக்கிறதா என்று மூக்கில் விரல் வைத்துப் பார்த்தேன். மகன் முன் இருக்கையில் உட்கார்ந்து திரும்பித் திரும்பிப் பார்த்தான், ஒன்றும் பேசவில்லை.

அவசரப் பிரிவில் இருந்த இளம் பெண் மருத்துவர் முதல் வேலையாக மாத்திரை அட்டையைக் கேட்டார். அடுத்து, "உப்பு எவ்வளவு சேர்க்கிறார்?" என்றார். "உப்பே இல்லை டாக்டர், இரண்டு மாதமாக ஒரு கல்லுகூடப் போடவில்லை" என்றேன். அந்த நேரத்திலும் என் குரலில் ஒரு பெருமை இருந்தது. அவர் என்னைப் பார்த்தார், திட்டவில்லை. இருபது நிமிடத்தில் இரத்த முடிவு வந்தது. சோடியம் 112. சாதாரணமாக 135 முதல் 145 வரை இருக்க வேண்டியது. அவர் ஒரு காகிதத்தில் எழுதிக் காட்டிச் சொன்னதை என் மொழியில் சொல்கிறேன். இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போனால் தண்ணீர் மூளை அணுக்களுக்குள் புகுந்து அவை வீங்குகின்றன. அதனால்தான் குமட்டல், தள்ளாட்டம், குழப்பம், கடைசியில் வலிப்பு.

உடனே உப்பை ஏற்றிச் சரிசெய்யுங்கள் என்று கெஞ்சினேன். அதுவும் கூடாதாம். வேகமாக ஏற்றினால் மூளை நரம்புகளின் உறை சேதமாகி, பேச்சோ கைகாலோ நிரந்தரமாகப் போகலாம். முதலில் வலிப்பு அடங்க 3 சதவீத உப்பு நீர் கொஞ்சம், அதற்குப் பிறகு ஒரு நாளைக்கு எட்டு, மிஞ்சினால் பத்துப் புள்ளிக்கு மேல் ஏறாதபடி, ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை இரத்தம் எடுத்துப் பார்த்துக்கொண்டே போவார்கள். 112 மறுநாள் 119 ஆனது, பிறகு 125, 129. நான்கு நாள் தீவிர சிகிச்சை, நான்கு நாள் வார்டு. நான்காம் நாள் மாலை கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்ற என்னைப் பார்த்து, "பிள்ளைகள் சாப்பிட்டார்களா?" என்று அத்தை கேட்டார். அங்கேயே சுவரில் சாய்ந்து அழுதேன்.

செலவையும் சொல்லிவிடுகிறேன். மருத்துவமனைக்கு 1,36,000. அதற்கு முன் கிளினிக், ஸ்கேன், கார் எல்லாம் சேர்ந்து 9,500. மொத்தம் 1,45,500 ரூபாய். பள்ளிச் சீருடை தைக்கும் பருவம் அது. பதினெட்டு நாள் இயந்திரம் ஓடாமல் ஏறக்குறைய இருபதாயிரம் ரூபாய் வேலை கைவிட்டுப் போனது. என் மூன்று பவுன் வளையல்கள் இன்னும் அடகில்தான் இருக்கின்றன. கடலூர் அரசு மருத்துவமனைக்கே முதலில் போயிருந்தால் இந்த இரத்தப் பரிசோதனை அங்கேயே நடந்திருக்கும். கையில் பணம் கொஞ்சம் இருந்ததால் அங்கே வரிசையில் நிற்கத் தோன்றவில்லை. பணத்தைவிட வலித்தது வேறு. சிதம்பரத்திலிருந்து வந்த நாத்தனார் வார்டு வாசலில் எல்லோர் முன்னிலையிலும், "உப்புகூடப் போடாமல் எங்கள் அம்மாவை இப்படி ஆக்கிவிட்டீர்களே அண்ணி" என்றாள். எனக்குப் பதில் இல்லை. அத்தைதான் பின்பு அவளைக் கூப்பிட்டு, "அவள் பயத்தில் செய்தாள், பகையில் செய்யவில்லை" என்றாராம்.

வீட்டுக்கு அனுப்பும் முன் உணவு ஆலோசகர் ஒருவர் அரை மணி நேரம் உட்கார்ந்து பேசினார். எனக்கு மார்ச் மாதமே கிடைத்திருக்க வேண்டிய அரை மணி நேரம் அது. ஒருவருக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு உப்பு? உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது 5 கிராமுக்குக் குறைவு, அதாவது தட்டிய ஒரு தேக்கரண்டிக்கு உட்பட்டது. அதில் சோடியம் மட்டும் எடுத்தால் 2 கிராம். நம் நாட்டுக்காரர்கள் சராசரியாக 8 கிராமுக்குக் குறையாமல் சாப்பிடுகிறோம் என்பதால் பெரும்பாலானவர்களுக்குக் 'குறை' என்ற அறிவுரை முழுக்கச் சரி. என் அனுபவத்தைப் படித்துவிட்டு யாரும் உப்பைக் கூட்டிவிடாதீர்கள்.

சரி, உடம்பு பிழைத்திருக்க எவ்வளவு வேண்டும் என்று கேட்டேன். மிகவும் கொஞ்சம்தானாம், அரைக் கிராம் சோடியம், உப்பாகச் சொன்னால் ஒன்றேகால் கிராம். அப்படியானால் என் அத்தைக்கு ஏன் இப்படி ஆனது? உப்பை நிறுத்தியது மட்டும் காரணம் இல்லை என்றார். நல்ல சிறுநீரகம் உப்பு குறைந்தால் கெட்டியாகப் பிடித்து வைத்துக்கொள்ளும். மாத்திரை அந்தப் பிடியைத் தளர்த்தியது. அதிகத் தண்ணீரை வெளியே தள்ளச் சிறுநீரகத்துக்கு உணவிலிருந்து வரும் உப்பும் புரதக் கழிவும் வேண்டும். தேநீரும் கஞ்சியுமாக இருந்தவருக்கு அதுவும் இல்லை. தண்ணீர் உள்ளேயே தங்கிவிட்டது. மாத்திரை, தண்ணீர், பட்டினி, உப்பில்லாமை நான்கும் சேர்ந்துதான் விழவைத்திருக்கின்றன. இதைக் கேட்ட பிறகுதான் எனக்கு இரவில் தூக்கம் வந்தது.

அலமாரியில் கிடந்த 'சோடியம் குறைந்த உப்பு' பாக்கெட்டின் படத்தை அவரிடம் காட்டினேன். அதில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் கலந்திருக்கிறது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும், பொட்டாசியத்தை உடலில் தங்கவைக்கும் சில அழுத்த மாத்திரைகள் சாப்பிடுபவர்களுக்கும் அது இதயத் துடிப்பையே கெடுக்கலாம். அத்தையின் மாத்திரையில் இருந்த டெல்மிசார்டான் அப்படிப்பட்டதுதான். நல்லவேளை, கசக்கிறது என்று துப்பினார். மருத்துவரைக் கேட்காமல் அந்தப் பாக்கெட்டை வாங்காதீர்கள்.

வீட்டு உப்பை அளக்க அவர் சொன்ன வழி எளிமையானது. புது உப்புப் பாக்கெட்டைப் பிரிக்கும் அன்று அதன் மேலேயே தேதியை எழுதுங்கள், தீரும் தேதியைப் பாருங்கள். நான் பழைய கணக்கை நினைவிலிருந்து போட்டேன். நான்கு பேருக்கு ஒரு கிலோ இருபத்தைந்து நாளில் தீர்ந்துகொண்டிருந்தது. ஆளுக்கு ஒரு நாளைக்கு 10 கிராம்! மீன் கழுவும் கல் உப்பு தனி, அது கணக்கில் இல்லை. கடையில் வாங்கும் மிக்சர், ரொட்டி, ஊறுகாயும் தனி. இப்போது அதே பாக்கெட் ஐம்பது நாள் வர வேண்டும் என்பது என் இலக்கு, நாற்பத்தாறு வரை வந்திருக்கிறேன். இன்னொன்று, கரண்டியை நம்பாதீர்கள். கல் உப்பில் இடைவெளி இருப்பதால் ஒரு கரண்டி கல் உப்பும் ஒரு கரண்டிப் பொடி உப்பும் ஒரே எடை இல்லை. முந்நூற்றைம்பது ரூபாய்க்கு ஒரு சின்ன டிஜிட்டல் தராசு வாங்கினேன். காலையில் அன்றைய நால்வர் பங்கை நிறுத்து ஒரு கிண்ணத்தில் போட்டுவிடுவேன், எந்தக் குழம்பானாலும் அதிலிருந்துதான்.

இந்த அலைச்சலில் எனக்கும் பார்த்தார்கள், 148/92. நாற்பத்திரண்டு வயதில். ஆகவே இப்போது நானும்தான் குறைக்கிறேன். முதல் இரண்டு வாரம் எல்லாமே சப்பென்று இருந்தது. பிறகு நாக்கு பழகிவிட்டது, இப்போது கல்யாண வீட்டுச் சாம்பார் கரிக்கிறது. சோறு வடிக்கும்போது உப்புப் போடும் பழக்கத்தை விட்டேன். புளி, மிளகு, எலுமிச்சை தூக்கலாக இருந்தால் உப்புக் குறைவு தெரிவதில்லை. கருவாட்டுக்கு அத்தை சொன்ன முறைதான். அரிசி கழுவிய தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு இன்னொரு முறை ஊறவைத்து, குழம்பில் தனியாக உப்பே போடாமல் வைப்பது. அவருக்கே மாதம் இரண்டு முறைதான், அதுவும் மருத்துவர் ஒப்புக்கொண்ட பிறகு.

அத்தைக்கு நீர் மாத்திரையை நிறுத்தி வேறு வகை கொடுத்திருக்கிறார்கள். உப்பு 5 கிராம், தண்ணீர் ஒன்றரை லிட்டர், தினமும் ஒரு முட்டையோ மீனோ கட்டாயம். இது அவருக்கு எழுதிய அளவு. இதய பலவீனம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அளவு வேறு. வெயிலில் வலை இழுப்பவர்களுக்கும் கட்டட வேலை செய்பவர்களுக்கும் வியர்வையிலேயே உப்பு போய்விடும், அவர்களுக்கு வெறும் தண்ணீரைவிட உப்புப் போட்ட மோரோ கஞ்சியோ நல்லது. அதனால்தான் உங்கள் வீட்டுப் பெரியவருக்கான அளவைக் கிராமில் கேட்டு, மருந்துச் சீட்டிலேயே எழுதி வாங்கச் சொல்கிறேன். பத்தாம் நாள் சோடியம் 134, ஒரு மாதத்தில் 137. அழுத்தம் 138/80. அடுத்த பரிசோதனைத் தேதியை நாள்காட்டியில் சிவப்பு மையால் வட்டமிட்டிருக்கிறேன்.

கல் உப்பு ஜாடியைப் பரணிலிருந்து இறக்கிப் பழைய இடத்திலேயே, அவர் கைக்கு எட்டும்படி வைத்துவிட்டேன். நேற்றுக் கத்தரிக்காய் போட்டு நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு. அத்தை ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "அம்மாடி, ஒரு கல் குறைகிறது" என்றார். கிண்ணத்தைப் பார்த்தேன். இரவு ரசத்துக்கு வேண்டியது மட்டும்தான் அதில் மிச்சம் இருந்தது. "இருக்கட்டும் அத்தை" என்றேன். அவர் எலுமிச்சைத் துண்டை எடுத்துப் பிழிந்துகொண்டு சாப்பிட்டு முடித்தார்.